பொரிக்கும் படை வந்த ஊர்: சமையல் எண்ணெயில் ஓடிய பழைய டீசல் கார்கள்

2002-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இருக்கும் லனெத்லி ஊரில் சில கார்களுக்குப் பின்னால் போனவர்களுக்குப் பசி எடுத்திருக்க வேண்டும். புகைக்குழாயிலிருந்து டீசல் நெடிக்குப் பதிலாக மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்கிற கடையின் வாசனை வந்தது. பக்கத்து ஊரான சுவான்சியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் மலிவு ரகச் சமையல் எண்ணெய் மட்டும் வழக்கத்துக்கு மீறி விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தது. அந்த வட்டாரத்து ஜனங்கள் திடீரென்று பலகாரம் சுட ஆரம்பித்துவிடவில்லை. பாட்டிலைத் திறந்து காரின் டேங்கில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நாளில் போலீசும் சுங்க வரித்துறையும் சேர்ந்து சாலையோரம் நின்றார்கள். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, புகையை மோந்து பார்த்து, டேங்கில் என்ன இருக்கிறது என்று சோதித்தார்கள். லண்டன் போலீசில் 'பிளையிங் ஸ்குவாட்' என்று பேர்பெற்ற பிரிவு ஒன்று உண்டு, நம்மூர் பறக்கும் படை மாதிரி. அதில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி 'பிரையிங் ஸ்குவாட்' என்று இவர்களுக்குப் பட்டம் சூட்டிவிட்டார்கள். பறக்கும் படை பொரிக்கும் படை ஆனது. அபராதம் 500 பவுண்ட் என்று அப்போதைய செய்திகளில் வந்தது.

நான் கோயம்புத்தூரில் எஞ்சினுக்கு டீசலைத் தள்ளுகிற பம்ப், அதை எஞ்சினுக்குள் பீச்சுகிற நாசில், இரண்டையும் பழுது பார்ப்பவன். "சமையல் எண்ணெயில் வண்டி ஓடுமா?" என்று வருடத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். ஓடும். ஆனால் காசு மிச்சமாகுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க லனெத்லியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் காசு

அன்றைக்கு அங்கே டீசல் லிட்டர் ஏறத்தாழ 73 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்ட்). மலிவு எண்ணெய் 32 பென்ஸ் வாக்கில். பாதிக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களைப் பார்த்தால் எவருக்கும் கை பரபரக்கும்தான்.

ஆனால் அந்த 73-ஐப் பிரித்துப் பாருங்கள். எரிபொருள் தீர்வை லிட்டருக்கு 45.82 பென்ஸ். அதற்கு மேல் 17.5 சதவீதம் வாட், 73-க்குள் அது கிட்டத்தட்ட 11 பென்ஸ். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 16 பென்ஸ் சொச்சம். கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, லாரி வாடகை, பங்க்காரர் லாபம் எல்லாம் சேர்ந்து டீசலின் உண்மையான விலை அவ்வளவுதான். சமையல் எண்ணெயோ 32 பென்ஸ். உணவுப் பொருள் என்பதால் அதற்கு வாட்டும் கிடையாது, தீர்வையும் கிடையாது. அதாவது வரியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டால் சமையல் எண்ணெய்தான் டீசலைப்போல் இரண்டு மடங்கு விலை! லனெத்லிக்காரர் மிச்சம் பிடித்தது எண்ணெயில் அல்ல, வரியில்.

அரசுக்கு இது நன்றாகவே தெரியும். எது சாலையில் ஓடும் வண்டிக்கு எரிபொருளாகப் போகிறதோ அதற்குத் தீர்வை உண்டு என்று அங்கே சட்டம் முன்பே இருந்தது. அது எங்கே வாங்கியது, பாட்டில் மேல் என்ன படம் போட்டிருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. சமையலுக்கு ஊற்றினால் வரி இல்லை, டேங்கில் ஊற்றினால் உண்டு. 2002 ஜூலையில் பயோடீசலுக்கு, அதாவது தாவர எண்ணெய் போன்றவற்றைப் பக்குவப்படுத்திச் செய்கிற டீசலுக்கு, மட்டும் லிட்டருக்கு 20 பென்ஸ் தள்ளுபடி கொடுத்தார்கள். அந்தச் சலுகை விகிதமான 25.82 பென்ஸையே கட்டியிருந்தால்கூட எண்ணெய் 58 பென்ஸுக்கு வந்துவிடும். முழுத் தீர்வை என்றால் 78. டீசலே மேல்.

ஒரு வருடக் கணக்கும் போட்டுவிடலாம். 20,000 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் மைலேஜ் என்று வைத்துக்கொண்டால் 1,250 லிட்டர் டீசல், 912 பவுண்ட். எண்ணெயில் லிட்டருக்கு லிட்டர் சக்தி நாலைந்து சதவீதம் குறைவு என்பதால் 1,310 லிட்டர் வேண்டும், 420 பவுண்ட். வித்தியாசம் 490 பவுண்ட். ஒரு தடவை பிடிபட்டால் கட்டுகிற 500 பவுண்ட் அபராதத்தில் அந்த வருடத்து மிச்சம் முழுக்க, மேற்கொண்டு பத்து பவுண்டும் போய்விடும்.

அப்படியும் ஏன் இவ்வளவு பேர் துணிந்தார்கள்? நிலக்கரியும் இரும்பும் தகரமும் கொடிகட்டிப் பறந்து, பிறகு ஒவ்வொன்றாகச் சுருங்கிய வட்டாரம் அது. தகரம் பூசிய இரும்புத் தகடு செய்தே 'டினோபோலிஸ்' என்று பெயர் வாங்கிய ஊர் லனெத்லி. இப்படிப்பட்ட ஊரில் பழைய டீசல் கார்தான் சாதாரண வீட்டுக்குக் கட்டுப்படியாகும் என்பது என் ஊகம். அந்தப் பழைய கார்தான் இந்தக் கதையின் அடுத்த பாதி.

எஞ்சின் ஏன் ஒத்துக்கொண்டது

ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினைக் கடலெண்ணெய்க்காகவே வடிவமைத்தார் என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. அது சரியல்ல. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு ஓட்டோ கம்பெனி ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலெண்ணெயில் ஓட்டிக் காட்டியது உண்மை. ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை நிறைய விளைகிறது, அதிலேயே எஞ்சின் ஓடினால் நல்லது என்பது பிரெஞ்சு அரசின் யோசனை. மினரல் ஆயிலுக்காக, அதாவது பெட்ரோலிய எண்ணெய்க்காக, செய்த எஞ்சின், ஒரு மாற்றமும் செய்யாமலே கடலெண்ணெயில் ஓடியது என்று டீசலே பின்னால் சொல்லியிருக்கிறார்.

லனெத்லியிலும் அதேதான். மாற்றம் எதுவும் செய்யாமல் ஊற்றினார்கள், ஓடியது. காரணம் ப்ரீ சேம்பர் எஞ்சின்கள். பெஜோ, சித்ரோவன் கார்களில் 1982-லிருந்து வந்த எக்ஸ்.யூ.டி எஞ்சின் இந்த எண்ணெய்க்காரர்களிடையே ரொம்பப் பிரபலம். நம்மூரில் மாருதி ஜென் டீசல் ஓட்டியவர்களுக்கு அதன் தம்பியைத் தெரிந்திருக்கும், டி.யூ.டி என்கிற 1,527 சிசி பெஜோ எஞ்சின். இவற்றில் நாசில் நேராக பிஸ்டன் தலைமேல் பீச்சாது. ஹெட்டில் இருக்கிற சின்ன உருண்டை அறைக்குள் பீச்சும். அமுங்கிய காற்று அந்த அறைக்குள் சுழன்றடித்துக்கொண்டு வரும், அறையின் சுவரும் பழுக்கச் சூடாக இருக்கும். பீச்சுவது கொஞ்சம் முரடாக இருந்தாலும் அந்தச் சுழலும் சூடும் சமாளித்து எரித்துவிடும். நாசிலும் பின்டில் ரகம், ஒற்றை ஓட்டை, நடுவில் ஊசி ஏறி இறங்கித் தானே துடைத்துக்கொள்ளும். திறக்கிற அழுத்தம் சுமார் 130 பார்தான்.

இதை இன்றைய காமன் ரெயிலோடு, அதாவது ஒரே பொதுக் குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிவைத்துப் பீச்சுகிற முறையோடு, வைத்துப் பாருங்கள். 1997-ல் வந்த முதல் தலைமுறையே 1,350 பார். இப்போது 2,000-ஐத் தாண்டிவிட்டது. தலைமுடி கனத்துக்குக் கொஞ்சம் மேலான ஓட்டைகள், ஒரு சுற்றுக்கு நாலைந்து முறை திறந்து மூடும் ஊசி. அதில் போய்ச் சமையல் எண்ணெய் ஊற்றுவது, கைக்கடிகாரத்துக்குக் கிரீஸ் வைக்கிற மாதிரி. பெஜோவும் 1998-லேயே காமன் ரெயிலுக்கு மாறத் தொடங்கிவிட்டது. லனெத்லிக்காரர்கள் ஊற்றியது ஏற்கெனவே வயசாகிக்கொண்டிருந்த ஒரு ரகத்தில்.

இருந்தும் ஊற்றியதெல்லாம் அப்படியே எரிந்துவிடவில்லை. பிரச்சினை எண்ணெயின் கெட்டித்தன்மை. ரேப்சீட் எண்ணெய், அதாவது கடுகின் சொந்தக்காரச் செடியிலிருந்து எடுப்பது, 40 டிகிரியில் டீசலைப்போல் பத்து மடங்கு கெட்டி. 80 டிகிரிக்குச் சூடேற்றினால்தான் மூன்று மடங்குக்கு இறங்கும்.

இதை நானே ஒரு மார்கழிக் காலையில் எங்கள் கடை நாசில் டெஸ்டரில் செய்து பார்த்தேன். ஒரு பின்டில் நாசிலை மாட்டி, டப்பாவில் டீசல் ஊற்றிக் கைப்பிடியை அமுக்கினால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வரும், நுனியில் பனி மாதிரி ஒரு கூம்பு விரியும். அந்தச் சத்தத்தை வைத்தே நாசில் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவோம். அதே நாசிலில் வீட்டுக் கடலெண்ணெயை ஊற்றினேன். கைப்பிடி முரண்டு பிடித்தது. கிர்ர் இல்லை. நுனியிலிருந்து நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு கிளம்பி, எதிரில் வைத்த அட்டையில் போய்ப் பொட்டாக விழுந்தது. பிறகு எண்ணெயை அடுப்பில் வைத்து, விரல் வைக்க முடியாத சூட்டில் கொண்டுவந்து ஊற்றினேன். இப்போது கூம்பு விரிந்தது. டீசல் அளவுக்கு மென்மை இல்லை, துளிகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனாலும் கூம்புதான்.

அந்த நூல்தான் எஞ்சினுக்குள்ளும் போகும். குளிர்ந்த எஞ்சினில் அது முழுசாக எரியாது. விவரம் தெரிந்தவர்கள் இதனால்தான் இரண்டு டேங்க் வைத்துக்கொண்டார்கள். ஸ்டார்ட் செய்வது டீசலில். ரேடியேட்டர் தண்ணீர் சூடானதும், அந்தச் சூட்டை ஒரு குழாய் வழியாக எண்ணெய்க்கு ஏற்றி, வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாறுவது. வீடு வந்து சேர்வதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி டீசலுக்கு மாறி, பம்பிலும் நாசிலிலும் இருக்கிற எண்ணெயை ஓட்டித் தீர்ப்பது. இதை மறந்து வண்டியை நிறுத்திவிட்டால் மறுநாள் காலை ஹீட்டர் பிளக் எவ்வளவு பழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. இந்த வசதி இல்லாதவர்கள் பாதிக்குப் பாதி டீசல் கலந்து ஓட்டினார்கள். கோடையில் எண்ணெய் கூட, குளிரில் டீசல் கூட.

எதில் அடி வாங்கியது

முதல் அடி பம்புக்கு. எக்ஸ்.யூ.டி எஞ்சின் இரண்டு விதப் பம்போடு வந்தது. ஒன்று பாஷ் வி.இ, இன்னொன்று லூக்காஸ். நம்மூரில் மைக்கோ பம்ப், சி.ஏ.வி பம்ப் என்று பிரித்துச் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த வித்தியாசம். பாஷ் பம்ப் எண்ணெயைப் பொறுத்துக்கொண்டது. லூக்காஸ் ரோட்டரி பம்பில் ரோட்டருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மிகக் குறைவு. குளிர்ந்த காலையில் கெட்டி எண்ணெய் அதில் புகுந்தால் ரோட்டர் இறுகும், ஷாஃப்ட் முறியும். இரண்டு வீட்டுக்காரர்கள், ஒரே மாடல் கார், ஒரே எண்ணெய். ஒருவர் "வருஷக்கணக்காக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார், இன்னொருவர் வண்டி மூன்றாம் வாரமே கயிறு கட்டி இழுத்துவரப்படும். பானெட்டைத் திறந்து பம்பின் மேல் என்ன பெயர் அடித்திருக்கிறது என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். எண்ணெய்க்காரர்கள் சொல்கிற வெற்றிக் கதைகளில் பெரும்பாலும் இந்த ஒரு விவரம் விட்டுப்போயிருக்கும்.

இரண்டாவது பில்டர். டீசல் பில்டரில் கெட்டி எண்ணெய் மெதுவாகத்தான் இறங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிக்கப் இருக்காது, மேட்டில் வண்டி திணறும்.

மூன்றாவதுதான் மெதுவாகக் கொல்வது. கடாயின் வெளிப்பக்கம், எண்ணெய்ப் பாட்டிலின் கழுத்து, அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர் டைல்ஸ், இங்கெல்லாம் பிசுபிசுவென்று மஞ்சளாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே. தேய்த்தாலும் போகாது, நாளாக ஆக வார்னிஷ் மாதிரி இறுகும். சூட்டிலும் காற்றிலும் எண்ணெய் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இப்படி ஆகிறது. அதே சமாசாரம் பிஸ்டன் ரிங் காடியில் ஏறினால் ரிங் ஒட்டிக்கொள்ளும். எரியாத எண்ணெய் ரிங்கைத் தாண்டி வழிந்து கீழே எஞ்சின் ஆயிலில் கலக்கும். டீசல் கலந்தால் எஞ்சின் சூட்டில் ஓரளவு ஆவியாகிப் போய்விடும். சமையல் எண்ணெய் போகாது, அங்கேயே தங்கும். ஒரு கட்டத்தில் எஞ்சின் ஆயில் கரும் அல்வா மாதிரி திரண்டு, ஆயில் பம்பின் வலையை அடைக்கும். பிறகு கிராங்க் பேரிங் தேய்கிற சத்தம் கேட்கும். இதற்கு மருந்து ஒன்றே ஒன்று, வழக்கமாக மாற்றுகிற ஓட்டத்தில் பாதியிலேயே எஞ்சின் ஆயிலை மாற்றுவது. அந்தச் செலவை மேலே போட்ட 490 பவுண்டிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணெய்க்கு எண்ணெய் இந்தக் குணம் மாறும். ஆளிவிதை எண்ணெய் சீக்கிரம் வார்னிஷ் ஆகும், அதனால்தான் பெயிண்ட் செய்யவே அதைப் பயன்படுத்தினார்கள். சூரியகாந்தி அதற்கடுத்து, ரேப்சீட் அதற்கும் கீழே. தேங்காய் எண்ணெய் கிட்டத்தட்ட பின்னவே பின்னாது, ஆனால் மார்கழியில் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும். குளிரே இல்லாத இடத்தில் அது அருமையான எரிபொருள். 1990-களில் பசிபிக் தீவான பூகன்வில்லில் உள்நாட்டுப் போர் நடந்து, தீவையே முற்றுகையிட்டு டீசல் வராமல் செய்தபோது, அங்கே ஜனங்கள் தேங்காய் எண்ணெயில்தான் ஜீப் ஓட்டினார்கள். அவர்களுக்கு அது மிச்சம் பிடிக்கிற வேலை இல்லை, வேறு வழியில்லை.

சட்டம் இறங்கி வந்தது, விலை ஏறிப்போனது

2007 ஜூன் 30 முதல் பிரிட்டன் அரசு ஒரு தளர்வு கொடுத்தது. வருடத்துக்கு 2,500 லிட்டருக்குக் கீழே பயோ எரிபொருள் தயாரிப்பவர், பயன்படுத்துபவர் யாரும் பதியவும் வேண்டாம், தீர்வை கட்டவும் வேண்டாம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் போகிற காருக்கு 2,500 லிட்டர் என்பது 35,000 கிலோமீட்டர். ஒரு வீட்டுக் காருக்குத் தாராளம். ஐந்து வருடம் முன்பு 500 பவுண்ட் அபராதம் வாங்கித் தந்த வேலை இப்போது சட்டப்படி சரி.

ஆனால் அந்த நேரத்தில்தான் உலகச் சந்தையில் தாவர எண்ணெய் விலை ஏறத் தொடங்கியது. 2008 நடுவில், இரண்டு வருடத்துக்கு முன்பிருந்ததைப் போல் இரண்டு மடங்கையும் தாண்டியது. டீசலும் 130 பென்ஸைத் தாண்டியதால் ஆசை குறையவில்லை, கடைப் பாட்டிலில் மட்டும் லாபம் குறைந்தது. பொரித்த பழைய எண்ணெயைத் தேடிப் போனார்கள். முதலில் ஹோட்டல்காரர்கள் இனாமாகவே கொடுத்தார்கள், கொண்டுபோனால் சரி என்று.

பழைய எண்ணெய் இனாம்தான், வேலை இனாம் இல்லை. வாரக்கணக்கில் டிரம்மில் தெளியவிட்டு, மேலாக எடுத்து, ஐந்து மைக்ரான் பையில் வடிகட்டி, அப்புறம் தண்ணீரை எடுக்க வேண்டும். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் செய்தது நம் வீட்டில் தினம் நடப்பதுதான். வாணலியைச் சூடாக்கி ஒரு கரண்டி எண்ணெயை விடுவது. படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. சத்தம் போடாமல் பரவினால் டேங்குக்குப் போகலாம். காரேஜ் முழுக்கப் பிசுபிசுப்பு, வார இறுதி முழுக்க அந்த வேலை. இதில் ஒரு பிரியம் இருந்தவர்கள்தான் நிலைத்தார்கள்.

அந்த இனாமும் நீடிக்கவில்லை. பெட்ரோல், டீசல் விற்கிற கம்பெனிகள் குறிப்பிட்ட பங்கு பயோ எரிபொருள் கலந்தே ஆக வேண்டும் என்று 2008 ஏப்ரலில் பிரிட்டனில் விதி வந்தது. பிறகு, பழைய சமையல் எண்ணெயிலிருந்து செய்தால் அந்தப் பங்குக் கணக்கில் இரட்டிப்பு மதிப்பு என்றும் ஆக்கினார்கள். அவ்வளவுதான், ஹோட்டல் வாசலில் கம்பெனி லாரி வந்து காசு கொடுத்து டிரம்மை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தது. தனி ஆள் கேனோடு போய் நின்றால் என்ன கிடைக்கும்?

ஜெர்மனியில் இதையே தலைகீழாகப் பார்க்கலாம். அங்கே ரேப்சீட் எண்ணெய்க்கு முதலில் வரி இல்லை. எரிபொருளாகப் போகிற ரேப்சீட் எண்ணெய்க்கென்று தனித் தர அளவுகோலே வைத்தார்கள், லாரிகள்கூட அதில் ஓடின. அப்புறம் வரியைப் படிப்படியாக ஏற்றி, 2013-ல் லிட்டருக்கு 45 சென்ட் ஆக்கினார்கள். டீசல் வரி 47 சென்ட். வித்தியாசம் இரண்டு சென்ட் ஆனதும் லாரிக்காரர்கள் டீசலுக்கே திரும்பிவிட்டார்கள். எஞ்சின் அதே எஞ்சின்தான். 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கியதும் அங்கே டீசல் 2 யூரோவைத் தாண்டியபோது மறுபடி சிலர் சமையல் எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கினார்கள். அதே போரால் சூரியகாந்தி எண்ணெயும் ரேப்சீட் எண்ணெயும் கடைத் தட்டில் காலி.

நம்மூரில்

சென்னையில் டீசல் லிட்டர் 90 ரூபாய் சொச்சம். கடையில் இருக்கிற எண்ணெயிலேயே மலிவான பாமாயில் பாக்கெட் நூறைத் தாண்டிவிட்டது. கணக்கு அங்கேயே முடிந்துபோகிறது. செக்கில் ஆட்டிய எண்ணெய் விலையைச் சொல்லவே வேண்டாம். அதில் இருக்கிற கசடும் பிசினும் சாப்பாட்டுக்கு ருசி, நாசிலுக்குக் கரி.

லனெத்லி மாதிரி ஒரு விலை இடைவெளி இங்கே ஒரே இடத்தில்தான் இருக்கிறது, ரேஷன் கடையில். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அதுவும் அரசாங்கம் உண்டாக்கிய இடைவெளிதான், அங்கே வரி, இங்கே மானியம். ஆனால் கார்டுக்கு மாதம் ஒரு லிட்டர். அதை வாங்கி வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் தப்பு, மனசாட்சிப்படியும் தப்பு. போதாக்குறைக்கு மார்கழியில் உறைந்து பில்டரை அடைக்கும். பழைய எண்ணெய்க்கும் இப்போது வழி வந்துவிட்டது. மொத்த துருவப் பொருள், அதாவது திரும்பத் திரும்பப் பொரிப்பதால் எண்ணெய் கெட்டு உண்டாகிற பொருள், 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-லிருந்து விதி. அப்படிக் கழிக்கிற எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆலைக்கு அனுப்ப, ரூக்கோ என்ற திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே வருடம் கொண்டுவந்தது.

போன வருடம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் பழைய ஜீப் ஒன்றின் நாசில் செட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். சொந்தத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவர். மில்லில் மிஞ்சுகிற தேங்காய் எண்ணெயை ஜீப்பில் ஊற்றலாமா என்று கேட்டார். பூகன்வில் கதையைச் சொன்னேன், ரசித்துக் கேட்டார். இரண்டு டேங்க், சூடேற்றும் குழாய், வால்வு எல்லாம் பேப்பரில் வரைந்தும் காட்டினேன். அப்புறம், அந்த எண்ணெய் கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டேன். சொன்னார். சொல்லி முடித்ததும் அவரே சிரித்துவிட்டார்.

"அப்ப எண்ணெயை வித்துப்போட்டு டீசலே அடிச்சுக்கலாமுங்களே தம்பி. சரி, நாசிலை மட்டும் பார்த்துக் குடுங்க."

நாலில் இரண்டு நாசில் ஒழுகிக்கொண்டிருந்தது. மாற்றிக் கொடுத்தேன்.